கல் ஏட்டைப் பிரிக்கப் பழகுங்கள்: யூட்டாவின் வீலர் ஷேலில் டிரைலோபைட் தேடப் போகிறவர்களுக்கு

சுத்தியல் கைக்கு வந்தவுடன், பாறைப் பலகையைத் தரையில் கிடத்தி அதன் நடுவில் ஓங்கி அடிக்கத்தான் யாருக்கும் தோன்றும். முதல் நாள் காலை முழுக்க நானும் அதைத்தான் செய்தேன். மிஞ்சியது சில்லும் தூளும், குறுக்கே விரிசல் விட்ட இரண்டு டிரைலோபைட்டும். டிரைலோபைட் என்பது எப்போதோ அழிந்துபோன ஒரு கடல் கணுக்காலி; நாம் தேடுவது அதன் கல்லான உடல். பக்கத்துக் குழியில் ஒரு மூதாட்டி பலகையை நிமிர்த்தி நிறுத்தி, விளிம்பில் மட்டும் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார். நான்கைந்து தட்டுதான். பலகை தானாக இரண்டு ஏடாக விலகியது. உள்ளே கறுப்பாக, முழுசாக, 50 கோடி ஆண்டு கழித்து வெயிலைப் பார்க்கும் ஓர் உயிரின் முதுகு.

ஷேல் என்பது களிமண் சேறு ஏடு ஏடாகப் படிந்து இறுகிய பாறை. அதை உடைக்கக் கூடாது, பிரிக்க வேண்டும். ஒட்டிக்கொண்ட ஓலைச்சுவடியைப் பிரிக்கிறவரிடம் இருக்கும் நிதானம் இதற்கும் வேண்டும். முதன்முறை போகிறவர்கள் என்னைப்போல் ஒரு காலைப் பொழுதை வீணாக்காமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்லும் இடம் அமெரிக்காவில், யூட்டா மாநிலத்தின் மேற்கே, மில்லார்ட் மாவட்டத்தில் இருக்கிற ஹவுஸ் மலைத்தொடர். அங்கே மலைகள் அரைவட்டமாகச் சூழ்ந்த ஒரு பெரிய பள்ளம் உண்டு. வீலர் ஆம்பிதியேட்டர் என்று பெயர். அதையொட்டித்தான் அங்குள்ள பாறை அடுக்குக்கு வீலர் ஷேல் என்று 1908-இல் அமெரிக்கப் புவியியலாளர் சார்லஸ் வால்காட் பெயர் வைத்தார். அடுத்த ஆண்டே கனடாவில் பர்ஜஸ் ஷேல் என்ற தொல்லுயிர்ப் பாறையைக் கண்டுபிடித்து உலகப் புகழ் பெற்றவர் இவர்தான். ஆனால் பர்ஜஸ் ஷேல் இப்போது தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. வழிகாட்டியோடு மலையேறிப் பார்க்கலாமே தவிர, ஒரு சில்லைக்கூட எடுத்து வரக் கூடாது. வீலர் ஷேலில் நாமே பிரித்து, கிடைத்ததை வீட்டுக்குக் கொண்டுவரலாம். புதியவர்களுக்கு நான் இந்த இடத்தைச் சொல்வதற்கு அதுதான் முதல் காரணம்.

நம் ஊரிலேயே கிடைக்காதா என்று கேட்பார்கள். தமிழ்நாட்டுப் பாறைகளில் பெரும்பகுதி டிரைலோபைட்டுக்கு வெகுகாலம் முந்தியது. அரியலூர்ப் பக்கத்துக் கடற்படிவுகளோ டிரைலோபைட்டுகள் அழிந்து பல கோடி ஆண்டு கழித்துப் படிந்தவை; அங்கே கிடைப்பது அம்மோனைட்டும் சிப்பிகளும். இந்திய டிரைலோபைட்டைப் பார்க்க இமயமலைக்குப் போக வேண்டும், ஸ்பிதி, காஷ்மீர் பக்கம்.

முதலில், அது என்ன பாறை என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். பாறை எப்படி உண்டானது என்று தெரிந்தவர் கையில் சுத்தியல் வேறு மாதிரி விழும்.

கேம்பிரியன் காலத்தின் நடுப்பகுதியில், இன்றைக்கு 50 கோடி ஆண்டுகளுக்குச் சற்று முன், வட அமெரிக்கக் கண்டம் நிலநடுக்கோட்டின் மேல் கிடந்தது. இன்றைய மேற்கு யூட்டா அப்போது வெதுவெதுப்பான கடல். கரையோரம் ஆழமில்லாத சுண்ணாம்புத் திட்டுகள். அதற்கு அப்பால் சட்டென்று ஆழமாகும் ஒரு தாழ்வு. அந்தத் தாழ்வில் மிக நுண்ணிய களிமண் கொஞ்சம் கொஞ்சமாக வந்து படிந்தது. 100 மீட்டருக்கு மேல் கனமாகப் படிந்து இறுகிய அந்தச் சேறுதான் வீலர் ஷேல். அதற்குக் கீழே ஸ்வேசி சுண்ணாம்புக்கல், மேலே மார்ஜம் என்னும் அடுக்கு.

கடலடியில் பிராணவாயு மிகக் குறைவு. பிணத்தைத் தின்னும் உயிர்களும் சேற்றைக் கிளறும் புழுக்களும் அங்கே வாழ முடியவில்லை. அதனால் படிந்தது படிந்தபடி, மெல்லிய ஏடுகளாகவே நின்றது. நாம் இன்று பலகையைப் பிரிக்கிறோம் என்றால், அன்றைய கடல் தரையைத்தான் திறக்கிறோம்.

இங்கே அதிகம் கிடைக்கும் டிரைலோபைட்டுக்கு எல்ராத்தியா கிங்கி என்று பெயர். பிராணவாயு அற்றுப்போகும் எல்லையை ஒட்டி, மற்ற உயிர்கள் தங்க முடியாத இடத்தில், இது கூட்டம் கூட்டமாக வாழ்ந்தது என்று 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு விளக்குகிறது. சில ஏடுகளில் எல்ராத்தியாவைத் தவிர வேறொன்றும் இல்லாததற்கு அதுவே காரணம். அதே ஆய்வு இன்னொரு முக்கியமான விஷயத்தையும் சொல்கிறது. புதைந்த பிறகு இந்த உயிரின் அடிப்பக்கத்தில் கால்சைட் என்ற சுண்ணாம்புத் தாதுவின் படிகங்கள் நார் நாராகக் கீழ்நோக்கி வளர்ந்திருக்கின்றன. ஓட்டுக்கு அடியில் ஒரு தடித்த மெத்தை போட்டதுபோல் ஆகிவிட்டது. சுற்றியிருக்கும் ஷேல் உதிர்ந்துபோனாலும் உயிர் மட்டும் முழுசாகக் கழன்று வருவது இந்த மெத்தையால்தான். உலகத்தில் பெரும்பாலான இடங்களில் டிரைலோபைட் துண்டு துண்டாகவே கிடைக்கும். இங்கே பித்தான்போல் முழுசாக உள்ளங்கையில் விழும்.

அந்த மண்ணின் பாவண்ட் யூட் மக்கள் இதை வால்காட்டுக்கு வெகு முன்பே அறிந்திருந்தார்கள். துளையிட்டுக் கழுத்தில் கட்டிக்கொண்டார்கள். நோயிலிருந்தும் துப்பாக்கிக் குண்டிலிருந்தும் காக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. டெல்டா ஊர்ப் பத்திரிகையாளர் ஃபிராங்க் பெக்வித் அதைப் பதிவு செய்திருக்கிறார். அவர்கள் மொழியில் இதற்குள்ள பெயருக்கு, கல் வீட்டில் குடியிருக்கும் சின்ன நீர்ப்பூச்சி என்று பொருள். நீரில் வாழ்ந்தது, கணுக்காலிகளின் இனம், இப்போது கல்லுக்குள் இருக்கிறது. மூன்றையும் சரியாகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் தெரியாது.

எங்கே தோண்டலாம்

முதல் பயணத்துக்கு என் பரிந்துரை ஒன்றுதான்: கட்டணம் கட்டித் தோண்டும் குவாரிக்குப் போங்கள். யூ-டிக் ஃபாசில்ஸ் என்ற குவாரி இதற்கென்றே நடக்கிறது. ஏறக்குறைய 40 ஏக்கர். சுத்தியலும் வாளியும் அவர்களே தருவார்கள். புதிய பாறையை இயந்திரத்தால் பெயர்த்துப் போட்டு வைத்திருப்பார்கள். வழக்கமாக ஏப்ரல் முதல் அக்டோபர் வரை திறந்திருக்கும். கிளம்புவதற்கு முன் அந்த ஆண்டின் நாள், நேரம், கட்டணம் எல்லாவற்றையும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறையா என்பதையும் தவறாமல் கேளுங்கள்.

சுற்றிலும் திறந்த வெளிதானே, எங்கே தோண்டினால் என்ன என்று நினைக்க வேண்டாம். அங்கே நிலம் கட்டம் போட்ட துணியைப்போல் கலந்து கிடக்கிறது. ஒரு கட்டம் கூட்டாட்சி அரசின் நில மேலாண்மைத் துறைக்குச் சொந்தம். அடுத்தது பள்ளிகளுக்கு வருமானம் தரும் மாநில அறக்கட்டளை நிலம். இன்னொன்று யாரோ குத்தகைக்கு எடுத்தது. வேலி இருக்காது, அறிவிப்புப் பலகை இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும். கூட்டாட்சி நிலத்தில், தடை இல்லாத இடங்களில், டிரைலோபைட் போன்ற சாதாரண முதுகெலும்பற்ற உயிர்களின் புதைபடிவங்களைச் சொந்த ஆசைக்காக, கைக்கருவியால், அளவோடு எடுக்கலாம். விற்கக் கூடாது, பண்டமாற்றும் செய்யக் கூடாது. முதுகெலும்புள்ளவற்றின் படிவங்களை அனுமதியில்லாமல் தொடவே கூடாது. 2009-இல் வந்த தொல்லுயிர் வளப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. மாநில நிலத்துக்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். ஃபில்மோர் ஊரிலுள்ள நில மேலாண்மைத் துறை அலுவலகத்தில் வரைபடத்தோடு கேட்டால் விளக்குவார்கள்.

தொட்டுப் பார்க்கவே கூடாத ஓர் இடமும் பக்கத்தில் இருக்கிறது. டெல்டாவுக்கு வடமேற்கே டிரம் மலைகளில், வீலர் அடுக்கின் அடியிலிருந்து 62 மீட்டர் உயரத்தில் ஒரு கோடு. டைகாக்னோஸ்டஸ் அடாவஸ் என்ற குட்டி டிரைலோபைட் முதன்முதலாகத் தலைகாட்டுவது அங்கேதான். உலகம் முழுவதற்கும் டிரமியன் என்ற காலப்பகுதி அந்தக் கோட்டில் தொடங்குகிறது என்று 2006-இல் முடிவு செய்தார்கள். உலகப் புவியியலுக்கு அது ஒரு எல்லைக்கல். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

போய்ச் சேர்வது

சால்ட் லேக் சிட்டியிலிருந்து டெல்டா வரை காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முந்தின நாளே டெல்டா போய்த் தங்கிவிடுங்கள். அங்கிருந்து மேற்கே நெடுஞ்சாலையில் சுமார் 51 கிலோமீட்டர். பிறகு வலப்பக்கம் திரும்பி, சரளைச் சாலையில் இன்னொரு 32 கிலோமீட்டர். திரும்பும் இடத்தில் லாங் ரிட்ஜ் நீர்த்தேக்கம் என்ற பலகை இருக்கும். அதைத் தவறவிட்டால் அடுத்து கேட்க ஓர் ஆள் கிடைக்க மாட்டார்.

டெல்டாவிலேயே எண்ணெய்த் தொட்டியை நிரப்பிவிடுங்கள். அதன் பிறகு பெட்ரோல் இல்லை, கடை இல்லை, குடிதண்ணீர் இல்லை, பெரும்பாலும் கைபேசிக்குச் சிக்னலும் இல்லை. ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீர் கொண்டுபோங்கள். கோடையில் வெயில் 38 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும், ஒதுங்க ஒரு மரம் கிடையாது. சென்னை வெயிலைப் பார்த்தவர்களுக்கு இது என்ன என்று தோன்றலாம். அங்கே காற்றில் ஈரமே இல்லாததால் வேர்ப்பது தெரியாது, உடம்பு வற்றிப்போவதும் தெரியாது. மே மாதமும் செப்டம்பர் கடைசியும் நல்ல காலம். மழை பெய்த மறுநாள் போக வேண்டாம். சாலை சேறாகி வழுக்கும். உதிரி டயர் காற்றோடு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

கையோடு வேண்டியவை: தடித்த கையுறை, கணுக்கால் மூடிய காலணி, அகலத் தொப்பி, கண்ணைப் பக்கவாட்டிலும் மறைக்கும் பாதுகாப்புக் கண்ணாடி. கடைசியாகச் சொன்னது குழந்தைக்கும் பெரியவர்க்கும் கட்டாயம். ஷேல் சில்லு பிளேடைப்போல் கூராகத் தெறிக்கும். சொந்தச் சுத்தியல் வாங்குவதானால் ஒரு பக்கம் தட்டையாக உளிபோல் இருக்கும் கொத்தனார் சுத்தியலே போதும். கூர்மூக்குச் சுத்தியல் இந்தப் பாறைக்கு வேண்டாம். அது ஏட்டைப் பிரிக்காது, துளைக்கும். சுவருக்குப் பட்டி பூசும் மெல்லிய தகடு ஒன்று, 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், பழைய செய்தித்தாள் ஒரு கட்டு, சின்ன மூடி போட்ட டப்பாக்கள், பென்சில், நோட்டு. மாத்திரை டப்பா ஒன்றும் வேண்டும், ஏன் என்று பிறகு சொல்கிறேன். விமானத்தில் போகிறவர்கள் சுத்தியலையும் உளியையும் உள்ளே அனுப்பும் பெட்டியில் வைத்துவிடுங்கள், கைப்பையில் விடமாட்டார்கள்.

பிரிப்பது

குவாரிக்குள் போனதும் தோண்ட ஆரம்பிக்காதீர்கள். கால் மணி நேரம் சும்மா நடங்கள். முன்னால் வந்தவர்கள் விட்டுப்போன குவியல்களைப் பாருங்கள். மழையும் வெயிலும் பட்டு ஷேல் தானாக உதிர்ந்திருக்கும். கால்சைட் மெத்தை உள்ள எல்ராத்தியா உதிராமல் மேலே கிடக்கும். குழந்தைகளை முதலில் இங்கே விடுங்கள். கண் பழகிவிடும்.

பிறகு பலகையைத் தேர்ந்தெடுங்கள். முகத்தைப் பார்க்காதீர்கள், விளிம்பைப் பாருங்கள். விளிம்பில் மெல்லிய கோடுகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடினால் அது நன்றாகப் பிரியும். கோடே தெரியாமல் ஒரே கட்டியாக இருந்தால் அது சுண்ணாம்பு கலந்தது; கை வலிக்கும், பலன் குறைவு. கையளவு கனத்தில், தட்டு அளவு அகலத்தில் உள்ளது புதியவர்களுக்குத் தோதானது. ஈரம் ஊறியிருக்கும் பலகை நொறுங்கும், அதை வெயிலில் போட்டுவிட்டு வேறொன்றை எடுங்கள்.

பலகையைத் தூக்கும்போது ஒரு விஷயம். விரலை அடியில் விடுவதற்கு முன் சுத்தியலால் ஒரு பக்கம் நெம்பிப் பாருங்கள். தேளும், சில நாளில் கிலுகிலுப்பைப் பாம்பும் நிழலுக்கு அங்கேதான் வரும்.

இனி அடிக்கலாம். இன்னொரு கல்லின் மேல் பலகையை நிமிர்த்தி நிறுத்துங்கள், புத்தகத்தை மேசையில் நிறுத்துவதுபோல். இடக்கையால் பிடித்துக்கொண்டு, சுத்தியலின் தட்டைப் பக்கத்தை விளிம்பிலுள்ள கோட்டின் மேல் கோட்டோடு கோடாக வைத்துத் தட்டுங்கள். ஒரே இடத்தில் பலமாக அல்ல. ஒரு தட்டு, இரண்டு விரல் தள்ளி இன்னொரு தட்டு, பிறகு பலகையைத் திருப்பி அடுத்த விளிம்பு. நாலு பக்கமும் சுற்றி வாருங்கள். காதையும் கூர்மையாக வைத்துக்கொள்ளுங்கள். இறுகிய பலகை கணீரென்று ஒலிக்கும். உள்ளே பிளவு ஓடத் தொடங்கியதும் சத்தம் மங்கி, டொக்கென்று கேட்கும். அந்த நொடியில் அடிப்பதை நிறுத்துங்கள். பட்டித் தகட்டைப் பிளவில் சொருகி மெல்ல அகட்டுங்கள். பிரியவில்லையென்றால் இன்னும் இரண்டு தட்டு.

பிரிந்ததும் இரண்டு முகத்தையும் பாருங்கள், ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு மற்றதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஒரு பக்கம் உயிர் புடைத்திருக்கும், எதிர்ப்பக்கம் அதன் பள்ளமான அச்சு இருக்கும். இரண்டும் சேர்ந்ததுதான் ஜோடி. சில சமயம் உயிர் பாதியாகப் பிளந்து இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும். சில சமயம் முழுசாகக் கழன்று காலடித் தூளில் விழுந்திருக்கும். பள்ளம் மட்டும் தெரிகிறது, உயிரைக் காணோம் என்றால் எழுந்திருக்காமல் அப்படியே தரையைத் தேடுங்கள். ஒரு துணியை விரித்து அதன்மேல் வேலை செய்தால் இந்தத் தொல்லை இருக்காது. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு பயணம் ஆயிற்று.

ஒரு ஏடு பிரித்தால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு பாதியையும் மறுபடி விளிம்பில் பாருங்கள். விரல் கனத்துக்கு வரும்வரை பிரிக்கலாம். ஒரு ஏட்டில் மூன்று நான்கு எல்ராத்தியா கண்ணில் பட்டால் அது படிந்த அதே மட்டத்தைப் பாறை முகத்தில் அடையாளம் கண்டு, பக்கவாட்டில் தொடர்ந்து போங்கள். கண்ட இடத்திலெல்லாம் கொத்துகிறவரைவிட, ஒரு நல்ல ஏட்டைப் பிடித்துக்கொண்டு போகிறவருக்கே அதிகம் கிடைக்கும். இது என் திடமான அபிப்பிராயம்.

உயிரின் விளிம்பு கொஞ்சம் தெரிந்து மீதி பாறைக்குள் இருந்தால், அங்கேயே சுரண்டி எடுக்க ஆசை வரும். வேண்டாம். சுற்றிலும் நாலு விரல் பாறையோடு எடுத்து வாருங்கள்.

கையில் இருப்பது என்ன

டிரைலோபைட் என்றால் மூன்று மடல் என்று பொருள். தலை, உடல், வால் என்ற மூன்றைச் சொல்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நீளவாக்கில் நடுவே ஒரு மேடு, இருபக்கமும் இரண்டு தாழ்வான பகுதி. அந்த மூன்று மடல்கள்தான். 20,000-க்கும் மேற்பட்ட இனங்களை விவரித்திருக்கிறார்கள். சுமார் 52 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி, 25 கோடி ஆண்டுகளுக்கு முன் பெர்மியன் காலம் முடியும்போது கடைசி வம்சமும் போய்விட்டது.

வீலர் ஷேலில் புதியவர்கள் மூன்றை அடையாளம் காணப் பழகினால் போதும்.

எல்ராத்தியா கிங்கி: பெரும்பாலும் நாணய அளவு. தலை அகலம், உடல் போகப் போக ஒடுங்கும், வால்கவசம் சின்னது. நடு உடலில் வளையங்களை எண்ணுங்கள். வளர்ந்த உயிரில் 13 இருக்கும்.

அசாஃபிஸ்கஸ் வீலெரி: இது அளவில் பெரியது. வால்கவசத்தைப் பாருங்கள், அகலமாக, வழவழப்பான விளிம்போடு, தலைக்குச் சமமாகத் தோன்றும். எல்ராத்தியா அளவுக்கு அடிக்கடி கிடைக்காது, முழுசாகக் கிடைப்பது இன்னும் குறைவு. கால்சைட் மெத்தை பொதுவாக இதற்கு அமையவில்லை, அதனால் மெல்லிய தோலைப்போல் ஏட்டில் ஒட்டியிருக்கும். கழற்ற முயலாதீர்கள்.

பெரோனாப்சிஸ்: இதற்காகத்தான் மாத்திரை டப்பா. அரிசி அளவில், ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் வித்தியாசம் தெரியாமல் இருக்கும். நடுவில் இரண்டே வளையம், கண் கிடையாது. புதிய ஆய்வுகளில் இதற்கு இடாக்னோஸ்டஸ் என்ற பெயரைப் பார்ப்பீர்கள். வெறுங்கண்ணுக்கு ஏதோ மணல் புள்ளி என்று தோன்றும். லென்ஸை வைத்துப் பார்க்காதவர்கள் நூறு நூறாக இதை மிதித்துவிட்டுப் போகிறார்கள். கடலின் பல பகுதிகளிலும் பரவி வாழ்ந்தவை என்பதால், காலத்தைக் கணக்கிட ஆய்வாளர்கள் நம்புவது இந்த வகைக் குட்டிகளைத்தான். எல்லைக்கல்லாக நிற்கும் டைகாக்னோஸ்டஸும் இவற்றின் உறவு.

கன்னப் பக்கத்துத் தகடுகள் இல்லாத எல்ராத்தியா நிறையக் கிடைக்கும். உடைந்தது என்று எறிந்துவிடாதீர்கள். டிரைலோபைட் வளரும்போது நண்டைப்போல் ஓட்டை உரிக்கும். கன்னத் தகடுகள் முதலில் பிரிந்து வழி விடும், உயிர் அதன் வழியே வெளியேறும். நீங்கள் வைத்திருப்பது அது கழற்றிப் போட்ட சட்டை. அந்த உயிர் அதற்குப் பின்னும் வாழ்ந்திருக்கிறது.

ஏமாற்றும் தோற்றங்களும் உண்டு. கல்லில் கருவேப்பிலைக் கொத்தைப்போல், பாசியைப்போல் கறுப்புக் கோலம் தெரிந்தால் அது செடி அல்ல; மாங்கனீசு தாது நீரோடு ஊறி வரைந்தது. கேம்பிரியன் காலத்தில் நிலத்தில் இலைச் செடியே கிடையாது. வட்ட வட்டமான துருக் கறையும், நீள்வட்டமாகப் பெயரும் சில்லும் அப்படித்தான். 1968-இல் இதே மலைத்தொடரிலுள்ள ஆன்டிலோப் ஸ்பிரிங்ஸ் பகுதியில் கிடைத்த ஒரு பலகையை, டிரைலோபைட்டை மிதித்த மனிதச் செருப்புத் தடம் என்று சிலர் அறிவித்தார்கள். ஷேல் இயல்பாகப் பெயரும் வடிவம் அது என்று புவியியலாளர்கள் எடுத்துக் காட்டினார்கள். இரண்டு மணி நேரம் அங்கே பாறை பிரித்தவர்கள் அப்படிப்பட்ட பத்து வடிவத்தையாவது தாங்களே பார்த்திருப்பார்கள்.

எழுதி வையுங்கள், பிறகு பொதியுங்கள்

வாளியில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் வீடு வந்து சேரும்போது ஒன்றையொன்று தேய்த்திருக்கும். ஜோடியின் இரண்டு பக்கமும் முகம் பார்க்க, நடுவில் மெல்லிய தாள் வைத்து, செய்தித்தாளில் சுற்றுங்கள். பொட்டலத்தின் மேல் உடனே, அந்த இடத்திலேயே, பென்சிலால் எழுதுங்கள்: இடம், குவாரியின் எந்தப் பக்கம், கீழிருந்து எந்த உயரத்து ஏடு, தேதி. பேனா மை வேர்வையில் கலையும். இரண்டாக உடைந்த பலகைத் துண்டுகளைத் தனித்தனியாகச் சுற்றுங்கள், ஆனால் ஒரே எண் கொடுங்கள். கட்டணச் சீட்டையும் நோட்டிலேயே ஒட்டிவிடுங்கள். எங்கே, எப்படி எடுத்தீர்கள் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. எங்கிருந்து வந்தது என்று தெரியாத எல்ராத்தியா கடையில் விற்கும் சாவிக்கொத்துப் பதக்கத்தோடு சேர்ந்துவிடும். ஏடும் இடமும் எழுதிய எல்ராத்தியாவை யாராவது ஒருநாள் படிக்க முடியும்.

வீட்டில்

முதலில் ஒரு வாரம் நிழலில் காயவிடுங்கள். பிறகு உலர்ந்த மென்மையான பல்துலக்கும் பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். பெரும்பாலானவற்றுக்கு இது போதும். தண்ணீர் வேண்டுமானால் துணியை நனைத்துத் துடையுங்கள். ஊற வைத்தால் ஷேல் ஏடு ஏடாக உப்பிக் கழன்றுவிடும்.

எலுமிச்சைச் சாறு, வினிகர், கழிப்பறை ஆசிட் எதுவும் கூடாது. இதைச் செய்துவிட்டு வருந்துகிறவர்கள் நிறைய. டிரைலோபைட்டின் ஓடு கால்சைட், அதன் மெத்தையும் கால்சைட். களிமண் பாறை அமிலத்தில் கரையாது, உயிர்தான் நுரைத்துக் கரையும். சுத்தம் செய்யப் போய் எதைத் தேடிப் போனோமோ அதையே அழித்துவிடுவோம்.

மூடியிருக்கும் பகுதியைத் திறக்கத் தையல் ஊசியை ஒரு பிடியில் பொருத்தி, லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டே, உயிரிலிருந்து வெளிப்பக்கமாகத் துளித் துளியாகத் தள்ளுங்கள். ஓட்டின் மேல் ஊசி நேராக இறங்கக் கூடாது. முதலில் உடைந்த ஒன்றை வைத்துப் பழகுங்கள். தேர்ந்தவர்கள் மிக மென்மையான பொடியைக் காற்றோடு பீய்ச்சிச் சுத்தம் செய்வார்கள். நமக்கு ஊசி போதும். ஒட்ட வேண்டியிருந்தால் அசிட்டோனில் கரைத்த பாராலாய்டு பி-72 என்ற பிசின் நல்லது. அருங்காட்சியகங்களில் பயன்படுத்துவது அதைத்தான். தப்பாக ஒட்டினாலும் அசிட்டோன் தொட்டு மறுபடி பிரிக்கலாம். வார்னிஷ் அடிக்காதீர்கள். ஈரமாகப் பளபளக்கும் படம் எடுக்க ஆசையாக இருக்கும், ஆனால் அந்தப் பூச்சு மேற்பரப்பின் நுண்கோடுகளை மூடிவிடும்.

நாலைந்து பயணத்தில் ஒருமுறை, டிரைலோபைட் அல்லாத ஏதோ ஒன்று ஏட்டில் தெரியலாம். புடைப்பே இல்லாமல், பென்சிலால் தீட்டியதுபோல் ஒரு கறுப்புப் படலம். முள்வட்டமாக விரிந்தால் கோயியா என்ற கடற்பஞ்சாக இருக்கலாம். கூம்புக் குழலாக இருந்தால் செல்கிர்க்கியா என்ற புழு. காம்பின் மேல் கிண்ணமும் அதிலிருந்து முறுக்கிய கைகளும் தெரிந்தால் கோகியா என்ற, நட்சத்திரமீனுக்குத் தூரத்து உறவான உயிர். ஓடு இல்லாத மென்னுடல் உயிர்களும் பதிந்திருக்கும் மிகச் சில இடங்களில் வீலர் ஷேலும் ஒன்று. அப்படி ஒன்றைப் பார்த்தால் தொடாதீர்கள், துடைக்காதீர்கள், ஊசியை அருகில் கொண்டுபோகாதீர்கள். அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து, சால்ட் லேக் சிட்டியிலுள்ள யூட்டா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அனுப்பிக் கேளுங்கள். யூட்டாவின் கன்தர் குடும்பத்தார் புவியியல் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் இல்லை; விடுமுறை நாட்களில் இந்த மலைகளில் பாறை பிரித்தவர்கள். அவர்கள் கண்டெடுத்துக் கான்சஸ் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த பலகைகளிலிருந்து அறிவியலுக்குப் புதிய உயிர்கள் விவரிக்கப்பட்டன, சிலவற்றுக்கு அவர்கள் பெயரே வைக்கப்பட்டது. அந்தப் பலகைகளோடு இடமும் ஏடும் எழுதிய சீட்டுகள் இருந்தன.